மந்திரி சொல்லாத கப்பல்

பாரீஸில் ஒரு மந்திரி பேசிய பேச்சைத் தமிழாக்கித் தரச் சொல்லி வைத்தியலிங்கத்திடம் காகிதம் வந்தபோது காலை மணி பதினொன்று. பன்னிரண்டரைக்குள் அச்சாபீசுக்குப் போக வேண்டும் என்றார்கள். அவர் காரைக்கால் அட்மினிஸ்ட்ரேட்டர் கச்சேரியில் பதினெட்டு வருஷமாக மொழிபெயர்ப்பாளர். ஊரில் துபாசி என்றால் அவர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவர் குடியிருந்த தலத்தெருவில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம்.

அது 1954, சித்திரை மாதம். சுற்றிலும் இந்தியா விடுதலையடைந்து ஏழு வருஷம் ஆகப்போகிறது. காரைக்காலில் மட்டும் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. எல்லையில் சுங்கச்சாவடி போட்டு இந்தியப் போலீஸ் மூட்டைமுடிச்சைச் சோதித்தது. உள்ளே கொம்யூன் என்ற ஊராட்சிச் சபைகள் ஒவ்வொன்றாக, இந்தியாவோடு சேர்கிறோம் என்று தீர்மானம் போடுவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தன. அந்தப் பேச்சு பாரீஸ் வரைக்கும் போய்த்தான் மந்திரிக்குக் கோபம் வந்திருந்தது.

பேச்சு இரண்டு பக்கம். வைத்தியலிங்கம் படித்துப் பார்த்தார். நன்றிகெட்டவர்கள் என்றார் மந்திரி, தூண்டிவிடுகிறவர்கள் என்றார், முந்நூறு வருஷ உறவு என்றார். கடைசி வரி மட்டும் சப்பென்று இருந்தது. இங்கே தங்கியிருப்பதற்கான வழிவகைகளைத் தேடிக்கொள்ளப் பிரான்சுக்குத் தெரியும் என்று முடிந்திருந்தது. இவ்வளவு சத்தம் போட்டுவிட்டுக் கடைசியில் இப்படியா என்று அவருக்குத் தோன்றியது. பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'பிரான்சுக்குப் படை உண்டு, கப்பல் உண்டு. கப்பலுக்குக் கடல் தூரமில்லை. பிரான்சின் கைக்குக் காரைக்கால் தூரமில்லை.'

எழுதி முடித்து ஒருதரம் வாய்விட்டுப் படித்தார். நன்றாக இருந்தது. கச்சேரியில் அவர் எழுதுவதெல்லாம் ஏல அறிவிப்பும் பிறப்புச் சான்றும்தான். இப்படி ஒரு வரி எழுதக் கை எத்தனை காலம் காத்திருந்தது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. காகிதம் போயிற்று. சாயங்காலம் நோட்டீஸாக அடித்துச் சுவரெல்லாம் ஒட்டியாயிற்று.

மூன்றாம் நாள் விழிதியூரிலிருந்து ஓர் ஆள் வந்து, தங்கச்சி பெரியநாயகியை மாட்டோடும் நெல்லோடும் எல்லைக்கு அப்பாலுள்ள பூந்தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பெரியநாயகியின் புருஷன் சுப்பையன் அந்தப் பக்கத்துக் கொம்யூன் சபையில் உறுப்பினர். சபையில் மொத்தம் பதினோரு பேர். ஏழு பேர் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்கள். அதில் முதல் ஆள் சுப்பையன்தான்.

வைத்தியலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டினார். வழியில் எதிர்ப்பட்ட வண்டிகளில் நெல் மூட்டையும் அண்டாவும் கோழிக்கூடையும் இருந்தன. விழிதியூரில் சுப்பையன் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு கொல்லையில் முளைக்குச்சியில் கட்டிய கன்றுக்குட்டி நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தது. கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை அதற்கு. அவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கிணற்றில் நீர் இறைத்து வாளியை அதன் வாய்க்குக் கிட்டே வைத்தார். முதலில் அது முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா கிடந்தது. பிறகு குடிக்க ஆரம்பித்தது.

"மாரிக்கண்ணு வீட்டுக் கன்னு," என்று பின்னாலிருந்து சுப்பையன் குரல் கேட்டது. "அவசரத்துல தாய்மாட்டை ஓட்டிக்கிட்டு இதை விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கும் இப்பத்தான் தெரியும். வாங்க மச்சான்."

வீட்டில் ஆள் இல்லாத வெறுமை தெரிந்தது. சுப்பையன் தானே மோர் கரைத்துக் கொடுத்தார்.

"கையெழுத்து?" என்றார் வைத்தியலிங்கம்.

"எங்கேந்து போடுறது? ஏழு பேர்ல இப்ப ரெண்டு பேருதான் நிக்கிறாங்க. நான் அந்த ரெண்டுல இல்ல." சுப்பையன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஜெயிலுன்னா போயிட்டு வந்துடலாம் மச்சான். கப்பல் வந்து பட்டாளம் எறங்குனா, பேர் போட்டவன் வீட்டுக்குத்தானே மொதல்ல வரும்? பெரியநாயகியை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"கப்பல் வரும்னு யார் சொன்னா?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க. நோட்டீஸ்லயே போட்டிருக்கே." அவர் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "கப்பலுக்குக் கடல் தூரமில்லை, பிரான்சின் கைக்குக் காரைக்கால் தூரமில்லை. ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூட மனப்பாடம்."

முதலில் வைத்தியலிங்கத்துக்கு வந்தது பெருமை. அதை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. தான் எழுதிய வரியை ஒருவர் மனப்பாடமாகச் சொல்லிக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மோரைக் குடித்து முடிப்பதற்குள் அந்தப் பெருமை போய்விட்டது. அந்த வரி தன்னுடையது என்று சொல்லாமலே சைக்கிளில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் அட்மினிஸ்ட்ரேட்டர் துரை அவரை உள்ளே கூப்பிட்டார். துரைக்கு ஐம்பத்தெட்டு வயது. வெயில் தாளாமல் மனைவி ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. கத்துகிற ஆள் இல்லை; ஊரில் அவரைப் பற்றிக் கெடுதலாக யாரும் பேசியதில்லை. மேசைக்கு முன்னால் முகைதீன் பிச்சை நின்றிருந்தார். கடலோரத்தில் அவர் தண்டேல். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு இறக்குகிற படகுகளுக்கெல்லாம் தலைவர். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் மடித்த துண்டு.

"நானூறு பேரைக் கரை சேர்க்க எத்தனை படகு வேண்டும் என்று கேளுங்கள்," என்றார் துரை பிரெஞ்சில்.

வைத்தியலிங்கம் கேட்டார். பிச்சை யோசிக்கவே இல்லை. கேள்வியை எதிர்பார்த்து வந்தவர்போலச் சொன்னார். "முகத்துவாரத்துல மணல் அடைச்சிக் கெடக்கு. பெரிய கப்பல் ரெண்டு மைலுக்கு வெளியதான் நிக்கும். பன்னெண்டு படகு வேணும், மூணு நடை போவணும். எங்க படகு இல்லாம ஒரு ஆளு எறங்க முடியாது. எல்லாப் படகையும் கரையேத்தி, இடுக்கு அடைச்சி, தாரு பூசி வச்சிட்டேன்னு சொல்லுங்க."

துரையின் புருவம் உயர்ந்தது. "யார் சொல்லிப் பூசினார்?"

"யாரும் சொல்லல. நோட்டீஸ் பார்த்தேன்," என்றார் பிச்சை. அப்புறம் குரலைத் தணித்து, "துபாசி, ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. கப்பல் சைகோன்லேருந்துதானே வரும்? எம் மவன் கபீர் அங்க பிரெஞ்சுப் பட்டாளத்துல இருக்கான். அஞ்சு மாசமா கடுதாசி இல்ல. நம்ம ஊர் ஆளுங்களை அதுலதானே ஏத்துவாங்க. அவன் பேர் இருக்குமான்னு கேளுங்க."

வைத்தியலிங்கம் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். துரை மேசைமேலிருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். கடைசியில், "விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்," என்றார்.

பிச்சை சலாம் வைத்துவிட்டுப் போனபின் துரை நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு இந்தக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் சமையல்காரன் சொன்னான், வண்ணான் சொன்னான். எனக்குத் தெரிவிக்காமல் பாரீஸ் எதையோ செய்கிறதாக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நான்கு நாளாக எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது. இந்த ஊருக்குள் எழுபது போலீஸ்காரர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் இந்தியா வந்ததும் சேரலாம் என்று இருக்கிறவர்கள்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நேற்றுப் பாரீஸுக்குத் தந்தி அடித்துக் கேட்டிருக்கிறேன்."

பயமுறுத்துகிறவரே, பயந்தவர்கள் சொன்னதைக் கேட்டுத் தைரியம் கொண்டிருக்கிறார். வைத்தியலிங்கம் மேசைக்கு இன்னும் கிட்டே போனார். "மொசியே," என்றார், நின்றபடியே. "அந்தக் கப்பல் மந்திரியின் பேச்சில் இல்லை. நான் சேர்த்தது."

துரை திரும்பிப் பார்த்தார். மூலத்தை எடுத்து, கடைசி வரியை விரலால் தடவிப் படித்தார். வைத்தியலிங்கம் தமிழ் வரியைப் பிரெஞ்சில் சொன்னார். துரையின் முகம் சுருங்கும் என்று நினைத்தார், சுருங்கவில்லை. களைத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

"மந்திரி எழுதியதைவிட நன்றாக இருக்கிறது," என்றார் துரை.

தந்திக்குப் பதில் வர எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் சைகோன் இருக்கும் இந்தோசீனாவின் வடக்கே பிரெஞ்சுக் கோட்டை ஒன்று எதிரிகளிடம் விழுந்துவிட்ட செய்தி வானொலியில் வந்துவிட்டது. நோன்பும் தொடங்கியிருந்தது. பதிலைக் கோப்பில் பதிவு செய்ய வைத்தியலிங்கத்திடமே கொடுத்தார்கள். கப்பல் அனுப்பும் உத்தேசம் எதுவும் இல்லை, அமைதி காக்கவும், அரசுக் கட்டடங்களில் உள்ள மேசை நாற்காலி, தட்டச்சுப் பொறிகளின் பட்டியலை உடனே அனுப்பவும். அவ்வளவுதான் இருந்தது அதில்.

"திருத்தம் போட்டு ஒட்டிவிடலாமா?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

"என்னவென்று? எங்கள் மந்திரி உங்களை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை என்றா?" துரை சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "முடியாது வைத்தியலிங்கம். நீங்களாகப் போய்ச் சொன்னால், கச்சேரி ரகசியத்தை வெளியிட்டவரை நான் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் சொல்லவில்லை."

வீட்டில் மனைவி மங்கையர்க்கரசியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"கப்பல் வராதுன்னு எப்படியும் நாளாவட்டத்துல ஊருக்குத் தெரிஞ்சிடும். நாம ஏன் வாயைத் தொறக்கணும்?" என்றாள்.

"சுப்பையன் சபை கூடுறது வெள்ளிக்கிழமை. தெரியிறதுக்குள்ள அது முடிஞ்சிடும்."

அவள் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "போனவங்க வீட்டுல என்னென்ன நஷ்டமோ. பெரியநாயகி எங்கயோ அடுத்தவ வீட்டு அடுப்பங்கரையில கெடக்கிறா." கொஞ்சம் பொறுத்து, "வேலை போனா போவுது. ஆனா போயி, அங்க உங்களை நல்லவனாக் காட்டிக்காதீங்க. செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லிட்டு வாங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சபை கூடியது. உறுப்பினர்கள் பதினோரு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பையன் கடைசியில். தலைவர் சின்னப்பிள்ளை வைத்தியலிங்கத்தைப் பார்த்ததும், துரை அனுப்பிய ஆள் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். வைத்தியலிங்கம் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மந்திரியின் பேச்சை எடுத்தார். கடைசிப் பாராவை முதலில் பிரெஞ்சில் படித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, ஒரு சொல்லுக்கு ஒரு சொல், தமிழில் சொன்னார். வழிவகை. தேடிக்கொள்ள. தெரியும்.

"கப்பல் எங்க?" என்றார் ஒருவர்.

"இதுல இல்ல. கப்பல் நான் எழுதினது. படையும் நான் எழுதினது. யாரும் எழுதச் சொல்லல. வரி நல்லா வரணும்னு எழுதினேன்."

முதலில் சுப்பையன்தான் எழுந்தார்.

"பூந்தோட்டத்துல பெரியநாயகிக்குப் பத்து நாளாக் காச்சல்," என்றார். குரல் உயரவில்லை. "வேத்து வீடு, வேத்துத் தண்ணி. நீங்க வரி நல்லா வரணும்னு எழுதினீங்க."

வைத்தியலிங்கம் பேச்சுக் காகிதத்தை மடித்துக்கொண்டு நின்றார்.

சின்னப்பிள்ளை குறுக்கே புகுந்தார். "அப்ப தண்டேலைக் கூப்பிட்டு நானூறு பேருக்குப் படகு கேட்டாங்களே. அது எதுக்கு?"

"கப்பல் வருதுன்னு ஊரு பேசிக்கிறதைத் துரையும் கேட்டார். நெசமா இருக்கும்னு நெனச்சிட்டார்."

யாரோ ஒருவர் கனைத்தார். அது சிரிப்பாகி இரண்டு மூன்று பேரைத் தொற்றி, சட்டென்று நின்றுபோயிற்று. அவரவர் பூட்டிய வீடு அவரவர் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

"வராதுன்னு எழுதித் தருவீங்களா?" என்றார் சின்னப்பிள்ளை.

"மாட்டேன். நாளைக்கு அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பேச்சுல கப்பல் இல்ல. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் கடல்லயும் இல்ல. கோவம் இருக்கு, அந்தக் கோவத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பதினெட்டு வருஷமா அவங்க காகிதத்தைப் படிக்கிற எனக்கே புரியல. எனக்குப் புரியாததைப் புரிஞ்ச மாதிரி எழுதினதுதான் நான் பண்ணின தப்பு. முடிவு பண்ண வேண்டியது நீங்க."

அவரை வெளியே போகச் சொன்னார்கள். புளியமரத்தடியில் அரைமணி நேரம் நின்றார். உள்ளே பேச்சுச் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கதவு திறந்தபோது ஒன்பது கையெழுத்து விழுந்திருந்தது. சுப்பையனுடையது ஒன்பதாவது. அவர் வைத்தியலிங்கத்தைத் தாண்டிப் போய் வண்டியைப் பூட்டினார். மனைவியை அழைத்துவரப் போகிறார் என்பது தெரிந்தது. ஏறும்போது, திரும்பாமல், "உங்க தங்கச்சி வந்ததும் ஒருநாள் வந்து பாருங்க. ஒடனே வராதீங்க," என்றார்.

கடற்கரைக்குப் போவதுதான் பாக்கி. சபைக்குப் போனதைவிட அது கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு படகும் மணலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன, தார் மினுமினுத்துக்கொண்டு. முகைதீன் பிச்சை ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். நோன்பால் உதடு உலர்ந்திருந்தது. வைத்தியலிங்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப கப்பல் வரல," என்றார் பிச்சை.

"வரல."

"தொரை சொல்லல. மந்திரி சொல்லல."

"ஆமா. நான்தான்."

பிச்சை மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டார். "ஊரெல்லாம் கப்பல் வருதுன்னு பயந்து ஓடிச்சி. நான் ஒருத்தன்தான் சந்தோஷப்பட்டேன். எம் பொஞ்சாதி ஜன்னத்துக்கிட்ட, புள்ள வர்றான், பெருநாளைக்கு வீட்டுல இருப்பான்னு சொல்லிட்டேன். அவ அவன் படுக்கையை வெயில்ல போட்டு எடுத்து வச்சிருக்கா." அவர் எழுந்து துண்டை உதறினார். "நோன்பு நேரம். வாயில ஏதாச்சும் வந்துடும். நீங்க போங்க."

திங்கட்கிழமை வைத்தியலிங்கத்தைக் கச்சேரிக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்தக் காகிதத்தில் துரையின் கையெழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. அதன்பின் அவர் கடிதம் எழுதிக் கொடுப்பது, மனு எழுதிக் கொடுப்பது என்று நாளை ஓட்டினார். வருகிறவர்கள் குறைவு. அம்பகரத்தூரிலிருந்து வந்த ஒருவர் மனுவை வாங்கிக்கொண்டு, "இதுல நான் சொன்னதுதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். வைத்தியலிங்கம் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

பெரியநாயகி ஆடிமாதம் எழுந்து நடமாடினாள். அண்ணனைப் பார்க்க அவளே வந்தாள். மெலிந்திருந்தாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; மாரிக்கண்ணு வீட்டுக் கன்று இப்போது தாயோடு மேய்கிறது என்று மட்டும் சொன்னாள்.

கப்பல் வரவே இல்லை. மற்ற கொம்யூன்களும் ஒவ்வொன்றாகத் தீர்மானம் போட்டன. பாரீஸில் மந்திரிசபை மாறிற்று. புதிதாக வந்தவர்கள் சத்தம் போடாமல் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. துரை தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குகிறார் என்று சமையல்காரன் சொன்னான்.

புரட்டாசியில் ஒருநாள் பிற்பகல் முகைதீன் பிச்சை தலத்தெருவுக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி ஜன்னத், முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி. மங்கையர்க்கரசி பாய் விரித்தாள். பிச்சை உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நீளமான உறையை எடுத்தார். பட்டாளத்து முத்திரை இருந்தது. பிரிக்கப்படவில்லை.

"நேத்து வந்துச்சி. பிரெஞ்சு படிச்சவங்க ஊர்ல இன்னும் நாலு பேர் இருக்காங்க," என்றார். "அவங்க யாரும், தான் செஞ்சதைச் செஞ்சேன்னு எங்கிட்ட வந்து சொன்னவங்க இல்ல. படிங்க. நல்ல வார்த்தை ஒண்ணும் சேர்க்க வேணாம். கெட்டதைக் கொறைக்கவும் வேணாம்."

வைத்தியலிங்கம் உறையைக் கிழித்தார். ஒரே பக்கம். உட்கார்ந்து காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல், முதல் சொல்லிலிருந்தே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"சிப்பாய் கபீர், தகப்பன் பேர் முகைதீன் பிச்சை, ஊர் காரைக்கால். கைதியாக இருந்தார். ஆகஸ்ட் மாசம் இருபத்தாறாம் தேதி எதிர்ப்பக்கம் அவரைத் திருப்பிக் கொடுத்தது. இப்ப சைகோன் ஆஸ்பத்திரியில் இருக்கார்." ஜன்னத் ஓர் அடி முன்னால் வந்தாள். அவர் நிறுத்தவில்லை. "இடது காலில் மூணு விரல் எடுத்திருக்கு. எடை ரொம்பக் குறைவு. அதுக்கடுத்து ஒரு வார்த்தை இருக்கு. அது ஏதோ நோயோட பேரு. எனக்குத் தெரியல. டாக்டரைக் கேட்டுத்தான் சொல்லணும்."

"சரி," என்றார் பிச்சை.

"பயணம் பண்ணத் தெம்பு வந்ததும் ஊருக்கு அனுப்புவாங்க. தேதி போடல."

"தேதி போடலயா?"

"போடல."

பிச்சை தலையாட்டினார். அப்புறம்தான் பாயில் உட்கார்ந்தார். ஜன்னத் முக்காட்டுக்குள் அழுதுகொண்டே, "இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லுங்க. பேர்லேருந்து," என்றாள்.

வைத்தியலிங்கம் பெயரிலிருந்து மறுபடி படித்தார்.